எஸ்டேட் டவுன் ஹோட்டல்ல ஆள் வச்சு வேலை வாங்குறது எப்படி: ரோஸ்டர்ல இருந்து ஷோ காஸ் வரைக்கும்

மலேசியாவுல கேமரன் மலையில ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் சின்ன ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ், ஹோம்ஸ்டே நடத்துறவங்களுக்கும் அங்க புதுசா சூப்பர்வைசர் ஆனவங்களுக்கும்தான் இத எழுதுறேன். பத்துப் பதினஞ்சு பேர் வேலை செய்யுற இடம்னு வச்சுக்குங்க. பெரிய ஹோட்டல்ல எச்.ஆர்.னு தனி ரூம் இருக்கும். நம்ம இடத்துல காலையில கெஸ்ட்டுக்குச் சாவி கொடுக்குறவருதான் ராத்திரி உக்காந்து சம்பளக் கணக்கும் பாக்குறாரு.

நான் பாத்த வரைக்கும் புது சூப்பர்வைசருங்க தடுமாறுறது வேலை தெரியாம இல்ல, வரிசை மாறிப் போறதாலதான். முதல்ல தெரிஞ்ச ஆள வேலைக்கு எடுத்துடுறாங்க, அப்புறம் வாயாலயே ஷிப்ட் சொல்றாங்க, கடைசியில சண்டை வந்து லேபர் ஆபிஸ்ல இருந்து கடிதம் வந்தப்புறம்தான் பேப்பர் எங்கன்னு தேடுறாங்க. அதனால கீழ உள்ளத வரிசையாவே செய்யுங்க, நடுவுல தாண்டாதீங்க.

தொடங்குறதுக்கு முன்னாடி

கையில இருக்க வேண்டியது கொஞ்சம்தான். ஒரு வருகைப் புத்தகம் இல்லன்னா பஞ்ச் கார்டு, ஸ்கூல் லீவு எல்லாம் குறிச்ச ஒரு பெரிய வருஷக் காலண்டர், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஃபைல். இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு நிதி), சொக்சோ (தொழிலாளர் காப்பீடு) ரெண்டுலயும் முதலாளியா பதிஞ்சிருக்கணும். கிச்சன்ல கை வைக்குற எல்லாரும் உணவு கையாளுறவங்க பயிற்சி முடிச்சு டைஃபாய்டு ஊசி போட்டிருக்கணும். இத ஆள் சேர்ந்த வாரமே முடிச்சுடுங்க. பிசி சீசன் தொடங்கினப்புறம் ஒருத்தர ஒரு நாள் கோர்ஸுக்கு அனுப்ப உங்களுக்கு மனசு வராது.

ஆளுங்கள எடுக்குறப்பவே ஃபைல்ல வீட்டு அட்ரஸும் அவசரத்துக்கு இன்னொருத்தர் போன் நம்பரும் வாங்கி வைங்க. ஒன்பதாவது ஸ்டெப்ல இது எதுக்குன்னு புரியும்.

1. யாருக்கு யாரு என்ன உறவுன்னு முதல்ல எழுதுங்க

சிரிக்காதீங்க, இதுதான் முதல் வேலை. தோட்டத்துல இருந்து கிளம்பி வந்த குடும்பங்க நிறைஞ்ச ஊர்ல ஒருத்தர வேலைக்கு எடுத்தா பின்னாடியே ஒரு வம்சமே வரும். அக்கா ஹவுஸ்கீப்பிங், அவங்க கொழுந்தன் வேன் டிரைவர், மருமக ஃப்ரண்ட் டெஸ்க், சின்னவன் வீக்கெண்ட்ல பார்ட் டைம். அது தப்பில்ல, நம்பிக்கையான ஆளு அப்படித்தான் கிடைக்கும். ஆனா ஒரு தாள்ல கோடு போட்டு யாரு யாருக்குச் சொந்தம்னு குறிச்சு வச்சுக்கலன்னா பின்னாடி மூணு இடத்துல மாட்டுவீங்க.

ஒண்ணு, ஷிப்ட். ஒரே குடும்பத்த ஒரே ஷிப்ட்ல போட்டா, அந்த வீட்ல ஒரு சாவு விழுந்தா ஷிப்டே காலி. அவங்க போகத்தான் வேணும், போகாதேன்னு சொல்லவும் முடியாது. அதனால குடும்பத்தப் பிரிச்சுப் போடுங்க. அடுத்தது காசு. கல்லாவுல நிக்குறவரும் கணக்குச் சரிபாக்குறவரும் சொந்தமா இருக்கக் கூடாது. அவங்க நேர்மையானவங்களா இருந்தா கூட நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க, அவங்களுக்குத்தான் கெட்ட பேரு. மூணாவது விசாரணை. பின்னாடி ஒருத்தர் மேல புகார் வந்தா அவங்க மாமாவ விசாரிக்க உக்கார வைக்கக் கூடாதில்ல.

கூப்பிடுற முறையப் பத்தியும் இங்கேயே சொல்லிடுறேன். இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு சூப்பர்வைசர், அவ கீழ வேலை செய்யுறவங்க அவளோட சொந்த அத்தை. அத்தைய ‘மேடம்’னு கூப்பிட்டா நல்லாவா இருக்கும், அவங்க சாயங்காலமே வீட்ல போய் அழுவாங்க. அத்தைன்னே கூப்பிடுங்க. ஆனா சொல்றதுல ரூம் நம்பர், மணி, எண்ணிக்கை இருக்கணும். ‘அத்தை, கொஞ்சம் மேல பாத்துக்குங்களேன்’னு சொன்னா அது வேலை சொன்னதா ஆகாது. ‘அத்தை, 204 செக்-அவுட் ஆயிருச்சு, ரெண்டு மணிக்கு ஆளு வராங்க, அதுக்குள்ள முடிச்சுட்டு சாவிய டெஸ்க்ல கொடுத்துடுங்க’ன்னு சொல்லுங்க. மரியாதையும் கெடல, பின்னாடி ‘நீ எப்ப சொன்ன’ன்னு பேச்சும் வராது.

2. கான்ட்ராக்ட் கடிதம்: உக்கார வச்சு வாசிச்சுக் காட்டுங்க

ஒரு மாசத்துக்கு மேல போற வேலைன்னா எழுத்துல கான்ட்ராக்ட் இருக்கணும்னு 1955 வேலைச் சட்டம் சொல்லுது. வேலையோட பேரு, சம்பளம், வேலை நேரம், ஆஃப் டே, லீவு, நோட்டீஸ் காலம் இதெல்லாம் அதுல வரணும். மலாய்லயோ இங்லீஷ்லயோ அடிச்சுக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிடாதீங்க, பக்கத்துல உக்காந்து தமிழ்ல ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க. நேப்பாளி தம்பியா இருந்தா அவனுக்குப் புரியுற மொழியில சொல்ல ஒரு ஆளப் பிடிங்க. கையெழுத்துப் போட்டவருக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியலன்னா அந்தத் தாளு உங்களக் காப்பாத்தாது.

அதிகமா பாக்குற தப்பு, பழைய கடிதத்த அப்படியே காப்பி அடிக்கிறது. முன்னாடி வாரத்துக்கு 48 மணி நேரம் இருந்துச்சு, 2023 ஜனவரி 1ல இருந்து 45 தான். ஆனா இன்னும் ‘தினம் 8 மணி நேரம், வாரம் 6 நாள்’னு எழுதுறாங்க. கூட்டிப் பாருங்க, 48 வருது. ஒண்ணு தினம் ஏழரை மணி நேரம் ஆறு நாளு, இல்லன்னா அஞ்சு நாளு எட்டு மணி நேரமும் ஒரு நாளு அஞ்சு மணி நேரமும்.

இன்னொண்ணு, ‘முதலாளி சொல்ற எல்லா வேலையும்’னு ஒரு வரி. ஹவுஸ்கீப்பிங்குக்கு வந்த அக்காவ முதலாளி தம்பியோட ஸ்ட்ராபெரி கடைக்கு அனுப்புவாங்க, அவங்க மூஞ்சி தொங்கிப் போகும், அந்த வாரம் ரூம் எல்லாம் அரைகுறையா இருக்கும். வேற வேலைக்கு அனுப்புற பழக்கம் இருந்தா எந்த வேலை, எத்தன நாள்னு முன்னாடியே எழுதிடுங்க.

3. ரோஸ்டர்: மாசம் பிறக்குறதுக்கு முன்னாடி சுவத்துல ஒட்டணும்

ரோஸ்டர்னா யாருக்கு எந்த நாள், எந்த நேரம் வேலைன்னு போடுற அட்டவணை. எல்லா ஸ்டெப்லயும் இதுக்குத்தான் நேரம் அதிகம் செலவு பண்ணணும். பாதிச் சண்டை இங்கதான் பிறக்குது.

வாரம் ஒரு முழு நாள் ஆஃப் கொடுக்கணும். அந்த ஆஃப் டே வாரத்துக்கு வாரம் மாறுறதா இருந்தா, மாசம் தொடங்குறதுக்கு முன்னாடியே ரோஸ்டர் போட்டுத் தெரிவிக்கணும், அது சட்டம். ஆனா சட்டத்துக்காக மட்டும் இல்ல. அக்காங்களுக்கு புள்ளைங்க ஸ்கூல், அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது, மலைக்குக் கீழ தாப்பா டவுனுக்கு இறங்குறதுன்னு ஆயிரம் இருக்கு. ஆஃப் டே எப்பன்னு முதல் நாள் ராத்திரிதான் தெரியும்னா அவங்க என்ன செய்வாங்க, எம்.சி. (டாக்டர் சீட்டு காட்டி எடுக்குற லீவு) எடுப்பாங்க. ரோஸ்டர் லேட்டா வர்ற இடத்துல எம்.சி. நிறைய வரும், கவனிச்சுப் பாருங்க.

போடுற வரிசை இப்படி. முதல்ல காலண்டர்ல ஸ்கூல் லீவு, நீண்ட வீக்கெண்ட், ஏற்கனவே வந்த குரூப் புக்கிங் எல்லாம் குறிங்க. நம்ம மலையில வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும்தான் கூட்டம், ரோடே நகராது. அதனால ஆஃப் டே எல்லாம் திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும்தான் வரும். ஆனா ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவயாவது ஒரு ஞாயித்துக்கிழமை கொடுங்க. கல்யாணம் காதுகுத்து எல்லாம் ஞாயித்துக்கிழமைதான் வைக்குறாங்க, வருஷம் பூரா எதுக்கும் போக முடியலன்னா ஆளு நிக்க மாட்டாங்க.

அடுத்து நேரம். அஞ்சு மணி நேரம் விடாம வேலை வாங்கினா நடுவுல அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்கணும். ஸ்ப்ளிட் ஷிப்ட்லதான் நிறைய பேரு மாட்டுறாங்க. காலைச் சாப்பாட்டுக்கு ஆறு மணிக்கு ஒருத்தர வரச் சொல்லி, பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பி, திரும்ப சாயங்காலம் ஆறுல இருந்து ஒன்பதரை வரைக்கும் ஸ்டீம்போட் (மேசையிலேயே கொதிக்க வச்சுச் சாப்பிடுற சாப்பாடு) டேபிளுக்கு நிக்க வைக்குறாங்க. கேட்டா ‘மொத்தமே ஏழரை மணி நேரம்தானே’ங்குறாங்க. அப்படி இல்ல. ஓய்வு நேரத்தையும் சேத்து, வந்ததுல இருந்து போறது வரைக்கும் ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்குள்ள முடியணும். இதுல பதினஞ்சரை வருது. ஆளும் ரெண்டே மாசத்துல உடம்பு முடியாம நின்னுடுவாங்க. காலைக்கு ஒருத்தர், ராத்திரிக்கு ஒருத்தர்னு பிரிச்சுடுங்க.

ராத்திரி ஷிப்ட் முடியுறவங்க எப்படி வீட்டுக்குப் போவாங்கன்னு ரோஸ்டர்லயே ஒரு கட்டம் போடுங்க. பத்து மணிக்கு மேல பஸ் கிடையாது, பனி இறங்கினா முன்னாடி போற மோட்டார் தெரியாது. வேன் யார ஏத்தும், எத்தன மணிக்கு, எந்த லயத்து (தோட்டத்து வரிசை வீடு) முனையில இறக்கும்னு எழுதிடணும். எழுதலன்னா டிரைவர் தன் சொந்தக்காரங்கள மட்டும் வாசல் வரைக்கும் கொண்டு போய் விடுறாரு, மத்தவங்க ரோட்டுலயே இறங்குறாங்கன்னு புகார் வரும், கண்டிப்பா வரும்.

மாத்திக்கிறதுக்கு ஒரே ஒரு ரூல் வைங்க. ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கொடுத்தா மாத்திக்கலாம். வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டு மாத்துறது வேண்டவே வேண்டாம், யாரு யாருக்கு ஓகே சொன்னாங்கன்னு பின்னாடி தேட முடியாது. சுவத்துல ஒட்டினதுதான் ரோஸ்டர், குரூப்ல போடுறது அதோட போட்டோ மட்டும்.

4. தினம் அஞ்சு நிமிஷம் பெரட்டு

காலையில ஷிப்ட் தொடங்குறப்ப எல்லாரையும் நிக்க வச்சு அன்னைக்கு எத்தன செக்-அவுட், எத்தன ஸ்டே-ஓவர் (கெஸ்ட் இன்னும் தங்கியிருக்குற ரூம்), எந்த ரூம்ல தண்ணி வரலன்னு சொல்லிடுங்க. தோட்டத்துல காலையில ஆளுங்கள நிக்க வச்சு வேலை பிரிக்குற பெரட்டு மாதிரியேதான், மண்டோர் (மேற்பார்வையாளர்) போடுற சத்தம் மட்டும் வேண்டாம். ரூம் பிரிக்குறப்ப எண்ணிக்கைய மட்டும் பாக்காதீங்க. செக்-அவுட் ரூம்னா பெட்ஷீட்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் முழுசா மாத்தணும், ஸ்டே-ஓவர்னா குப்பை, டவல், படுக்கைய நேராக்குறது அவ்வளவுதான். ஒருத்தருக்கு எட்டுச் செக்-அவுட்டும் இன்னொருத்தருக்கு எட்டு ஸ்டே-ஓவரும் கொடுத்துட்டு ரெண்டு பேருக்கும் சமமாத்தானே கொடுத்தேன்னு சொன்னா யாரு ஒத்துக்குவாங்க.

இதோட சேந்ததுதான் லினன் (பெட்ஷீட், டவல்) சண்டை. மலையில மழ மாசத்துல துணி காயாது, டிரையர் ஒண்ணுதான் இருக்கும். முதல்ல வர்ற அக்கா காஞ்ச டவல் எல்லாத்தையும் எடுத்துத் தன் டிராலிக்கு அடியில, குப்பைப் பை பின்னாடி ஒளிச்சு வச்சுடுவாங்க. அடுத்து வர்றவங்களுக்கு ஈர டவல்தான் மிஞ்சும், கெஸ்ட்டு ரிசெப்ஷன்ல வந்து கத்துவாங்க, திட்டு யாருக்குன்னா ஈர டவல் வச்சவங்களுக்கு. இத ‘குணம் சரியில்ல’ன்னு பேசித் தீக்க முடியாது. மாடிவாரியா எண்ணி, பெரட்டுலயே எல்லார் முன்னாடியும் பிரிச்சுக் கொடுத்து நோட்டுல கையெழுத்து வாங்குங்க. ஒரே வாரத்துல சண்டை நின்னுடும். பத்தலன்னா பத்தலன்னு முதலாளிக்கும் அந்த நோட்டே காட்டும்.

5. பெருநாள் லீவு: ரெண்டு மாசம் முன்னாடி பேசுங்க

நம்ம தொழில்ல இருக்குற பெரிய சங்கடம் இதுதான். மத்தவங்க கொண்டாடுற அன்னைக்குத்தான் நமக்கு வேலை.

சட்டப்படி வருஷத்துக்கு 11 பொது விடுமுறை சம்பளத்தோட கொடுக்கணும். அதுல அஞ்சு கட்டாயம்: தேசிய தினம், பேரரசர் பிறந்தநாள், மாநில சுல்தான் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறு நாள கெசட்டுல (அரசிதழ்ல) இருக்குற நாள்ல இருந்து முதலாளி தேர்ந்தெடுத்து, வருஷம் பிறக்குறதுக்கு முன்னாடியே எல்லாரும் பாக்குற இடத்துல ஒட்டணும். தீபாவளி அந்த அஞ்சுல இல்ல, நோன்புப் பெருநாளும் இல்ல, சீனப் புத்தாண்டும் இல்ல. அதனால அந்த ஆறு எதுன்னு டிசம்பர்லயே ஒட்டலன்னா அக்டோபர்ல வாக்குவாதம்தான். பேசி ஒத்துக்கிட்டா ஒரு நாளுக்குப் பதிலா வேற நாளும் மாத்திக்கலாம்.

ஆளுங்க கலந்து இருக்குற இடமா இருந்தா வேலை சுலபம். தீபாவளிக்கு சீனக் குக்கும் மலாய்த் தம்பியும் தாங்குவாங்க, சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நம்ம ஆளுங்க தாங்குவாங்க. எல்லாருமே தமிழாளுங்கன்னா ஒரு வரிசை வேணும். போன வருஷம் தீபாவளிக்கு வேலை செஞ்சவங்களுக்கு இந்த வருஷம் முதல்ல லீவு, பெரிய புள்ளியோ சொந்தமோ யாரா இருந்தாலும் அந்த வரிசைதான். பழைய ரோஸ்டர பக்கத்துலயே ஒட்டிடுங்க, அவங்களே பாத்துக்குவாங்க.

பொது விடுமுறையில வேலை செஞ்சா வழக்கமான சம்பளத்தோட இன்னும் ரெண்டு நாள் சம்பளம் சேத்துக் கொடுக்கணும். 1,700 வெள்ளி (ரிங்கிட்) மாசச் சம்பளம்னா 26ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 65.38, ரெண்டு நாளைக்கு 130.77 வெள்ளி. இந்தக் கணக்க லீவு கேக்குறப்பவே சொல்லுங்க. காசு வேணும்னு தானா முன்வர்ற தம்பிங்க இருப்பாங்க, அப்புறம் யாரையும் கெஞ்ச வேண்டியதில்ல.

காலண்டர்ல வராத ஒண்ணு இருக்கு, தோட்டத்துக் கோயில் திருவிழா. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு தேதி, அன்னைக்கு தீச்சட்டி எடுக்குறவங்க, சமைக்குறவங்க, பந்தல் போடுறவங்க எல்லாம் உங்க ஆளுங்கதான். வருஷத் தொடக்கத்துலயே கோயில் கமிட்டிகிட்டக் கேட்டுத் தேதிய எழுதி வச்சுட்டு, அந்த வீக்கெண்ட் குரூப் புக்கிங் எடுக்குறதக் கொஞ்சம் குறைச்சுக்குங்க. வேற ஊர்ல இருந்து வந்த மேனேஜருங்களுக்கு இது தெரியாது, ரோஸ்டர் போட்டுட்டு அன்னைக்குக் காலையில தனியா நிப்பாங்க.

6. சம்பளமும் ஓ.டி.யும்

சம்பளக் காலம் முடிஞ்ச ஏழு நாளைக்குள்ள சம்பளம் கொடுக்கணும். இபிஎஃப், சொக்சோ, இஐஎஸ் (வேலை இழப்புக் காப்பீடு) மூணும் அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டணும். குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளி, அஞ்சு பேருக்குக் கம்மியா வேலை செய்யுற இடத்துக்கும் 2025 ஆகஸ்ட் 1ல இருந்து அதேதான், சின்ன ஹோம்ஸ்டேன்னு தப்பிக்க முடியாது.

ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சாதாரண நாள்ல ஒன்றரை மடங்கு. தினம் ஏழரை மணி நேரக் கான்ட்ராக்ட்னா அந்த 65.38ஐ 7.5ஆல வகுக்கணும், மணிக்கு 8.72 வருது, ஓ.டி.க்கு 13.08 வெள்ளி. இந்த எண்ண பேஸ்லிப்லயே எழுதிக் கொடுங்க, ‘ஓ.டி. 157 வெள்ளி’ன்னு மொட்டையா போட்டா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க, 12 மணி நேரம் பெருக்கல் 13.08னு இருந்தா அவங்களே கூட்டிப் பாத்துக்குவாங்க. மாசத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல ஓ.டி. வாங்கக் கூடாது.

கிளாஸ் உடைஞ்சுச்சு, டவல் காணோம்னு சம்பளத்துல பிடிக்குற பழக்கத்த விட்டுடுங்க. எதெதுக்குச் சம்பளத்துல கை வைக்கலாம்னு சட்டத்துலயே பட்டியல் இருக்கு, இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. வெளிநாட்டு ஆளுங்க பாஸ்போர்ட்ட வாங்கிப் பெட்டியில பூட்டி வைக்குறதும் குத்தம், ‘பத்திரமா இருக்கட்டும்னுதான்’னு சொல்றது செல்லாது.

7. டிப்ஸ், சர்வீஸ் சார்ஜ்

பில்லுல சர்வீஸ் சார்ஜ் வாங்குறீங்கன்னா அத எப்படிப் பிரிக்குறீங்கன்னு எழுதி ஒட்டுங்க. அந்தக் காச எடுத்துக் குறைஞ்சபட்ச சம்பளத்த நிரப்பக் கூடாதுன்னு 2021ல ஃபெடரல் கோர்ட் ஒரு ஹோட்டல் தொழிற்சங்க வழக்குல தீர்ப்புச் சொல்லியாச்சு. அடிப்படைச் சம்பளம் தனி, சர்வீஸ் சார்ஜ் தனி.

டிப்ஸ்தான் சின்னக் காசு, பெரிய சண்டை. பெட்டி தூக்குற தம்பிக்குக் கையில கிடைக்கும், ரூம் பண்ற அக்காவுக்குத் தலையணையில கிடைக்கும், கிச்சன்ல பாத்திரம் கழுவுறவங்கள ஒருத்தரும் பாக்குறதே இல்ல. ரெண்டு வழி இருக்கு: கிடைச்சவங்களுக்கே, இல்லன்னா எல்லாம் ஒரே உண்டியல்ல போட்டு மாசக் கடைசியில வேலை நாள் கணக்குல பிரிக்குறது. சின்ன இடத்துக்கு உண்டியல்தான் நல்லதுன்னு நான் சொல்லுவேன், ஏன்னா அன்னைக்கு யாருக்கு எந்த ரூம் விழுதுங்குறது நீங்க போடுற ரோஸ்டர், டிப்ஸ் வர்ற ரூம நீங்க உங்க ஆளுக்குக் கொடுக்குறீங்கன்னு பேச்சு வரும். ஆனா எண்ணுறப்ப ரெண்டு வெவ்வேற குடும்பத்து ஆளு இருக்கணும், முதலாளியோ சூப்பர்வைசரோ அதுல பங்கு எடுக்கக் கூடாது. பாதி இப்படி பாதி அப்படின்னு கலக்காதீங்க.

8. கண்டிக்குறது, கெஸ்ட் கம்ப்ளைன்ட்

ரிசெப்ஷன்ல, கெஸ்ட் முன்னாடி, புள்ளைங்க முன்னாடி திட்டக் கூடாது. இத எல்லாரும் சொல்றதுதான், ஆனா நம்ம ஊர்ல இன்னும் ஒண்ணு சேத்துக்கணும்: சொந்தக்காரங்க முன்னாடியும் கூடாது. மருமக முன்னாடி மாமியாரக் கண்டிச்சா அது ஹோட்டலோட நிக்காது, வீடு வரைக்கும் போகும். லினன் ரூமுக்குக் கூப்பிட்டு, எந்த ரூம், எந்தத் தேதி, என்ன குறைன்னு மட்டும் சொல்லுங்க. ‘நீங்க எப்பவுமே இப்படித்தான்’னு தொடங்கினா பேச்சு அங்கேயே முடிஞ்சுச்சு. ரெண்டாவது தடவையும் அதே குறைன்னா பேசினத ஃபைல்ல ரெண்டு வரி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க.

கெஸ்ட் கத்துறாருன்னா வரிசை இதுதான். முதல்ல குறையச் சரி பண்ணுங்க, ரூம மாத்துங்க, டவலக் கொடுங்க. அப்புறம் ஆளுகிட்டத் தனியா கேளுங்க. கெஸ்ட்ட சமாதானப்படுத்துறதுக்காக அந்தம்மாவ அங்கேயே வரவழைச்சு மன்னிப்புக் கேக்க வைக்காதீங்க. நகை காணோம், காசு காணோம்னு சொன்னா நீங்களே யாரோட கைப்பையும் கிண்டாதீங்க, லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் நோட்டையும் சாவி நோட்டையும் பாருங்க, கெஸ்ட் வேணும்னா போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கட்டும். எத்தனையோ தடவ அந்தச் சங்கிலி பெட்டியோட சைடு ஜிப்லதான் இருந்திருக்கு.

தொந்தரவு விஷயம் தனி. பாலியல் தொந்தரவு பத்தின நோட்டீஸ எல்லாரும் பாக்குற இடத்துல ஒட்டணும்னு சட்டமே சொல்லுது, புகார் வந்தா விசாரிக்கணும், விசாரிக்க மாட்டேன்னா 30 நாளைக்குள்ள காரணத்தோட எழுத்துல சொல்லணும். ரூம்ல ஆம்பள கெஸ்ட் தனியா இருக்கும்போது உள்ள போய் சுத்தம் பண்ண வேண்டியதில்ல, அப்புறம் வரேன்னு சொல்லிட்டு வந்துடலாம்னு பெரட்டுலயே சொல்லி வைங்க, கதவத் திறந்து வச்சு டிராலிய வாசல்ல நிறுத்தட்டும். புகார் சொல்ல ஒரு பொம்பள ஆள நியமிங்க, அதுவும் முதலாளி குடும்பமா இல்லாத ஆளா. ‘சின்ன ஊரு, பேரு கெட்டுப் போகும்’னு அமுக்கப் பாக்குறாங்க பாருங்க, கடைசியில வேலைய விட்டுப் போறது அந்தப் பொண்ணுதான்.

9. எம்.சி., வராம போறது, ஷோ காஸ்

எம்.சி. லீவு, வேலைக்குச் சேந்து ரெண்டு வருஷத்துக்குக் கம்மின்னா வருஷத்துக்கு 14 நாள், ரெண்டுல இருந்து அஞ்சுக்குள்ள 18, அதுக்கு மேல 22. ஆஸ்பத்திரியில படுத்தா 60 நாள் வரைக்கும். லீவு தொடங்கி 48 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும். திங்கக்கிழமை எம்.சி. அடிக்கடி வருதுன்னா டாக்டரச் சந்தேகப்படாதீங்க, ரோஸ்டரத் திரும்பிப் பாருங்க.

சொல்லாம வராதவங்க விஷயத்துல அவசரப்படாதீங்க. லீவு வாங்காம, நியாயமான காரணம் இல்லாம, தகவலும் சொல்லாம ரெண்டு வேலை நாளுக்கு மேல தொடர்ந்து வரலன்னா கான்ட்ராக்ட்ட முறிச்சதா சட்டம் எடுத்துக்கும். ஆனா முதல்ல போன் பண்ணுங்க, அந்த அவசர நம்பருக்குப் பண்ணுங்க, அப்புறம் ஃபைல்ல உள்ள அட்ரஸுக்குக் கடிதம் போடுங்க. சித்தப்பாகிட்டச் சொல்லி அனுப்பினேன்ங்குறது தகவல் கொடுத்ததா ஆகாது.

தப்பு நடந்துச்சுன்னா ஷோ காஸ் கடிதம், அதாவது விளக்கம் கேட்டு அனுப்புற கடிதம். தேதி, மணி, இடம், என்ன நடந்துச்சு, பதில் எப்பக்குள்ள வேணும், அவ்வளவுதான். அதுல திட்டு எழுதாதீங்க, முடிவையும் எழுதாதீங்க. பதில் வந்தப்புறம் விசாரணை. விசாரணைக்காக ரெண்டு வாரம் வரைக்கும் நிறுத்தி வைக்கலாம், அந்தக் காலத்துக்குப் பாதிச் சம்பளமாவது கொடுக்கணும், தப்பு இல்லன்னு தெரிஞ்சா மீதியையும் கொடுக்கணும். விசாரிக்க உக்காருறவங்க புகார் கொடுத்தவரா இருக்கக் கூடாது, சொந்தமும் கூடாது. பத்துப் பேரு உள்ள இடத்துல அப்படி ஆளு கிடைக்கலன்னா வெளியில இருந்து ஒருத்தர அழைங்க.

இத விட்டுட்டு ராத்திரி பதினோரு மணிக்கு கோவத்துல ‘நாளையில இருந்து வராத’ன்னு வாட்ஸ்அப் போட்டுடுறாங்க. அந்த ஒரு வரியே அவங்களுக்கு ஆதாரம். வேலை போன 60 நாளைக்குள்ள, நியாயமில்லாம நீக்கிட்டாங்கன்னு 1967 தொழில் உறவுச் சட்டப்படி மனு கொடுக்கலாம். ஆளு மேல தப்பு நூறு சதவீதம் இருந்தாலும் நீங்க விசாரிக்கவே இல்லன்னா பதில் சொல்றது ரொம்பக் கஷ்டம்.

10. வேலைய விட்டுப் போறவங்க

கான்ட்ராக்ட்ல வேற மாதிரி எழுதலன்னா நோட்டீஸ், வேலை செஞ்ச காலம் ரெண்டு வருஷத்துக்குக் கம்மின்னா 4 வாரம், ரெண்டுல இருந்து அஞ்சுக்குள்ள 6, மேல 8 வாரம். ரெண்டு பக்கத்துக்கும் அதேதான். முறையா நோட்டீஸ் கொடுத்துட்டுப் போறவங்களுக்குக் கடைசி நாள்லயே மீதிச் சம்பளத்த முடிச்சுக் கொடுங்க. யூனிபார்ம், மாஸ்டர் சாவி, லாக்கர் சாவி வாங்கினதுக்குக் கையெழுத்து வாங்குங்க, வாட்ஸ்அப் குரூப்ல இருந்து எடுக்குறத அன்னைக்கே செய்யுங்க, அதுல கெஸ்ட் பேரு ரூம் நம்பர் எல்லாம் ஓடும்.

அவங்களோட சொந்தக்காரங்க இன்னும் உங்ககிட்ட வேலை செஞ்சுக்கிட்டு இருப்பாங்க. ‘உங்க அண்ணன் ஏன் இப்படிப் பண்ணிட்டாரு’ன்னு அவங்ககிட்டக் கேக்காதீங்க, ரோஸ்டர்லயும் அதக் காட்டாதீங்க. சிங்கப்பூருக்கும் கே.எல்.லுக்கும் (கோலாலம்பூர்) போனவங்க நிறைய பேரு ஒரு வருஷம் கழிச்சு திரும்பவும் வந்து வேலை இருக்கான்னு கேப்பாங்க, அப்ப பழைய ஃபைல எடுத்துப் பாத்து முடிவு பண்ணுங்க. சம்பள, வருகைப் பதிவேட்ட எப்படியும் ஆறு வருஷம் வச்சிருக்கணும், ஈரம் படாத அலமாரியா பாத்து வைங்க.